லாபிக்குள் ஒரு காடு

அந்தக் கட்டடத்துக்குள் முதல்முறையாக வருகிற யாரும் கீழே லாபியில் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றது கிடையாது. வாசலுக்கு நேரே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஐம்பத்து நான்கு வயதில் ஒரு பெண். அவள் பெயர் சம்பளப் பட்டியலில் எங்கேயோ இருந்தது. எட்டு மாடிக்காரர்களுக்கும் அவள் மேசையக்கா.

வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். காதை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தால் ஐந்தாவது மாடி, காது கேட்கும் கருவி விற்கிற கம்பெனி. கையில் வீட்டு வரைபடமும் முகத்தில் வெறுப்புமாக வந்தால் மூன்றாவது மாடி, குடிநீர் இணைப்பு அலுவலகம். குளிர்சாதனக் காற்றிலும் வியர்த்துக்கொண்டு வந்தால் எட்டாவது மாடி, கட்டடத்துத் தலைவரைப் பார்க்க வந்தவர். "இடது பக்கம் லிப்ட், மூணை அமுக்குங்க, இறங்கினதும் வலது கைப்பக்கம்" என்று ஒரே மூச்சில் சொல்லி, "படி ஒண்ணு இருக்கு, பாத்துப் போங்க" என்றும் சேர்த்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைச் செய்துவந்தாள். இன்னும் நான்கு வருடம் செய்தால் ஓய்வூதியம். அதற்குள் மகளின் நர்ஸ் படிப்பும் முடிந்துவிடும். வலது முழங்கால்தான் முந்திக்கொண்டு ஓய்வு கேட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் அதையும் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வேலைக்குள் ஒரு வடிவமைப்பாளர் வந்து சேர்ந்தார். கட்டடங்களுக்குள் இயற்கையைக் கொண்டுவருவதில் பெரிய கெட்டிக்காரர் என்று சொன்னார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். முதல் நாளே செருப்பைக் கழற்றிவிட்டு லாபி முழுக்க வெறுங்காலோடு நடந்து பார்த்தார். நடுவில் நின்று கண்ணை மூடினார். துடைப்பக்கட்டையோடு ஒதுங்கி நின்ற துப்புரவுக்காரம்மா, மயக்கம் வருகிறதாக்கும் என்று தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

கண்ணைத் திறந்து அவர் சொன்னது இதுதான்: இந்த இடம் மனிதர்களைப் பயமுறுத்துகிறது. இங்கே வருகிறவருக்குத் தாம் ஒரு அலுவலகத்துக்கு வந்திருக்கிறோம் என்பதே மறந்துபோக வேண்டும். பலகைகள் கூடாது, அம்புக்குறிகள் கூடாது, எண்கள் கூடாது. காட்டில் எங்கேயாவது அம்புக்குறி இருக்கிறதா? பிறகு மேசையைப் பார்த்து, இது ஒரு சுவர் என்றார். கட்டட மேலாளர் மேசையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து, ஆமாம் சார், சுவர்தான், என்றார். பத்தொன்பது வருடமாக அந்தச் சுவரில் முழங்கையை ஊன்றி அரட்டை அடித்தவர் அவர்.

இரண்டு மாதம் லாபியைத் தகரம் போட்டு மறைத்து வேலை நடந்தது. திறந்தபோது, சும்மா சொல்லக் கூடாது, பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பாசி. குறுக்கே ஒரு ஓடை, அதில் நிஜத் தண்ணீர். உட்கார மரக்கட்டைகள். லிப்ட் கதவுகளில் அச்சு அசலாக மரங்களை வரைந்திருந்தார்கள், பக்கத்துச் சுவரிலும் அதே மரங்கள், ஆகையால் எது கதவு எது சுவர் என்று சாமானியத்தில் தெரியாது. கூரையிலிருந்து பறவைகள் கூவின, பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை அதே பறவைகள், அதே வரிசையில். மரங்கள் மட்டும் பிளாஸ்டிக். கட்டடத்துக்குள் வெயில் வராது, நிஜ மரம் பிழைக்காது என்பதால் அப்படி. துப்புரவுக்காரம்மாவுக்குப் பெருக்குகிற வேலை போய், ஏணி போட்டு இலை இலையாகத் துடைக்கிற வேலை வந்தது.

மூன்றாம் நாள் ஒரு நிஜக் குருவி வழிதவறி உள்ளே வந்துவிட்டது. அது நேரங்கெட்ட நேரத்தில் கத்தியது, ஓடையில் குளித்தது, பாசியைக் கொத்தியது. இயற்கைச் சூழல் கெடுகிறது என்று எட்டாவது மாடியிலிருந்து போன் வந்து, காவலாளி அரை நாள் துண்டை வீசி அதைத் துரத்தினார்.

திறப்பு அன்று தலைவர் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை எல்லா மாடிக்கும் போனது. இது அனைவருக்குமான பகிர்வு வெளி. ஊழியர்கள் இயன்றவரை கீழே இறங்கிவந்து, தங்கள் விருந்தினர்களை மரநிழலில் சந்திக்க வேண்டும். எந்த மாடி அதிகம் பயன்படுத்துகிறது என்பது குறிக்கப்படும். எல்லாரும் படித்தார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரும் இறங்கவில்லை.

மேசையக்காவின் மேசை எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பச்சை நிறத்தில் ஒரு மேலங்கியும் 'சூழல் தோழி' என்று ஒரு புதுப் பதவியும் கொடுத்தார்கள். தோழி உட்காரக் கூடாது. மரங்களுக்கிடையில் உலவிக்கொண்டே புன்னகைக்க வேண்டும், கேட்டால் மட்டும் பேச வேண்டும். முழங்கால் விஷயத்தைச் சொன்னதற்கு, நடப்பது மூட்டுக்கு நல்லது அக்கா என்று வைத்தியமும் அந்த வடிவமைப்பாளரே சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் திண்டாடித்தான் போனார்கள். உள்ளே நுழைந்து, பாசியைப் பார்த்து, ஓடையைத் தாண்டி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வாசலுக்கே வந்து நிற்பார்கள். சிலர் இது வேறு ஏதோ இடம் என்று வெளியே போய்ப் பலகையைத் தேடுவார்கள். ஒருவர் லிப்ட் என்று நினைத்துச் சுவரில் வரைந்த மரத்தை ஐந்து நிமிடம் அமுக்கிக்கொண்டிருந்தார். காது கேட்கும் கருவி வாங்கிக்கொண்டு கீழே வந்த பெரியவர், காதுக்குள் குருவி கத்துகிறது, இதை மாற்றிக் கொடுங்கள் என்று திரும்பவும் மேலே போனார். மேசையக்கா காலை இழுத்து இழுத்து ஓடி ஒவ்வொருவரையும் லிப்டுக்குள் ஏற்றிவிட்டாள். சாயங்காலம் முழங்கால் பலாப்பழமாக வீங்கியது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் கிளையில் ஒரு பிளாஸ்டிக் கூடு இருந்தது. கூட்டுக்குள் முட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேமரா. யார் எத்தனை நிமிடம் லாபியில் தங்குகிறார்கள் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். பிடித்த இடத்தில்தானே மனிதன் நிற்பான் என்பது வடிவமைப்பாளரின் கணக்கு. முதல் மாத அறிக்கை வந்தது. முன்பு மூன்று நிமிடம் நின்றவர்கள் இப்போது சராசரியாகப் பத்தொன்பது நிமிடம் நிற்கிறார்கள். வழி தெரியாமல் சுற்றியவர்கள் அத்தனை பேரும் காட்டில் மனத்தைப் பறிகொடுத்தவர்களாக அதில் பதிவாகியிருந்தார்கள். மரத்தை ஐந்து நிமிடம் அமுக்கியவரின் படமே அட்டையில் வந்திருந்தது. கீழே 'இயற்கையைத் தொட்டு உணரும் ஒரு விருந்தினர்' என்று போட்டிருந்தார்கள்.

ஏழாவது பத்தியில்தான் மேசையக்கா வந்தாள். மேலாளர் அவளைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டி, ஒரு நகலும் கொடுத்தார். மனுஷன் கெட்டவரில்லை, முகத்தில் வருத்தம்கூட இருந்தது. பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை, அதாவது அவள் சாப்பிடப் போகிற நேரத்தில், விருந்தினர்கள் முப்பத்தொரு நிமிடம் தங்குகிறார்கள். அவள் திரும்பி வந்ததும் அது பதினேழாக இறங்கிவிடுகிறது. ஆகவே சூழல் தோழி என்பவர் விருந்தினருக்கும் இயற்கைக்கும் நடுவே ஒரு இடையூறு என்று தெரிகிறது. மூன்று மாத அளவெடுப்பு முடிந்ததும் அந்தப் பதவியை நீக்கிவிடலாம்.

"நீக்கிட்டா நான் எங்க சார் போவேன்?"

"அறிக்கையில அப்படி இருக்கு அக்கா. நான் என்ன பண்ண?"

வீட்டில் அவள் புருஷன் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர். எண்ணெய்க் கையோடு அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். மகள் வெந்நீரில் துணியை நனைத்து அம்மாவின் முழங்காலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ வேலை செய்யறதுதான் நீ செஞ்ச தப்பு" என்றார் புருஷன்.

"உங்களுக்குக் கிண்டலா இருக்கு."

"கிண்டல் இல்லடி. பேப்பர்ல அதானே எழுதியிருக்கு. நீ இல்லன்னா நிக்கறாங்க, நீ வந்தா போயிடறாங்க. நாளையிலிருந்து இல்லாத மாதிரி இரு."

மகள் துணியைப் பிழிந்துகொண்டே, உட்கார்ந்திரும்மா, காலுக்காவது நல்லது, என்றாள்.

அடுத்த நாள் காலை மேசையக்கா ஒரு மரக்கட்டையில் போய் உட்கார்ந்தாள். தோழி உட்காரக் கூடாது என்று சட்டம் இருந்தது, ஆனால் கூட்டுக்குள் இருந்த கேமராவுக்குத் தோழியையும் விருந்தினரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை ஒரே கட்டையில் லயித்துப்போன ஒரு விருந்தினர் என்று அது எழுதிக்கொண்டது. சராசரி ஏறியது. மேலாளர் கண்டும் காணாததுபோல் போனார். வந்தவர்கள் சுற்றினார்கள், மரத்தை அமுக்கினார்கள். அவள் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது முழங்கால் வலியை விடப் பெரிய வலி என்பது இரண்டே நாளில் தெரிந்துபோனது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. நான்கு வருடம் கண் முன்னால் நின்றது.

நான்காம் நாள் அவள் பக்கத்துக் கட்டையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வாடகை வேன் ஓட்டுகிறவள். கையில் வீட்டு வரைபடம். குடிநீர் இணைப்புக்காக வருவது இது ஐந்தாம் தடவை. முதல் நான்கு தடவையும் மேலே ஏறி, நாளைக்கு வாருங்கள் என்ற பதிலை வாங்கிக்கொண்டு இறங்கினாள். இந்த முறை ஏறுகிற வழியே தெரியவில்லை. மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஓடையைப் பார்த்தபடி சொன்னாள்:

"எங்க வீட்டுல மூணு மாசமா ஒரு சொட்டு வரல. இங்க யாருக்காகக்கா ஓடுது இது?"

மேசையக்கா லிப்ட் இருந்த பக்கம் பார்த்தாள். கையைப் பிடித்து லிப்டில் ஏற்றிவிட அரை நிமிடம் போதும். ஏற்றிவிட்டால் நேரம் குறையும், கூடு எழுதிக்கொள்ளும். ஏற்றாவிட்டால் இந்தப் பெண் சாயங்காலம் வரை காடு பார்த்துவிட்டு வீட்டுக் காலிக் குடத்துக்கே திரும்பிப் போவாள். மேசையக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். எட்டு மாடியின் எண்களும் அவளுக்கு மனப்பாடம்.

மூன்றாவது மாடி அதிகாரியே போனை எடுத்தார். உங்கள் விருந்தினர் ஒருவர் மரநிழலில் காத்திருக்கிறார், இறங்கி வாருங்கள் சார், என்றாள். அவர் சிரித்தார். அனுப்புங்கள் மேலே, என்றார். அவள் பைக்குள் மடித்து வைத்திருந்த சுற்றறிக்கையை எடுத்து வார்த்தை மாறாமல் படித்துக்காட்டினாள். யார் கையெழுத்து என்பதையும் படித்தாள். எந்த மாடி இறங்குகிறது என்று குறிக்கிறார்களாம் சார், ஐந்தாவது மாடிக்காரர்கள் இப்போதுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தாள். பொய்தான். பத்தொன்பது வருடத்தில் முதல் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல பொய்.

அதிகாரி கோப்போடு இறங்கி வந்தார். மரக்கட்டை முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்தபோது மோவாய் முட்டியில் இடித்தது. வேன்காரப் பெண் வரைபடத்தை அவர் மடியிலேயே விரித்தாள். அவர் பழக்கதோஷத்தில் நாளைக்கு வாருங்கள் என்றார். மேலே என்றால் அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். காட்டில் கதவு இல்லை. சுற்றிலும் வழி தெரியாமல் நின்ற பதினான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஆறு பேர் கையில் வீட்டு வரைபடம்.

"நாளைக்குன்னா எதுக்கு சார்? கோப்பு உங்க கையிலதானே இருக்கு?" என்றாள் வேன்காரி.

அதிகாரி கோப்பைப் பார்த்தார். அது அவர் கையில்தான் இருந்தது. பேனாவையும் வேன்காரியே கொடுத்தாள். ஓடையின் சலசலப்பில் கையெழுத்து விழுந்தது. மற்ற ஆறு பேரும் கட்டைகளை நகர்த்திக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு மேசையக்கா, தலைவரைப் பார்க்க வருகிறவர்களைத் தவிர, யாரையும் மேலே அனுப்பவில்லை. வருகிறவரை உட்காரவைப்பாள், விஷயத்தைக் கேட்பாள், மேலே போன் போடுவாள், சுற்றறிக்கையைப் படிப்பாள். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் நடந்தது. ஐந்தாவது மாடிக்காரர்கள் கருவிப் பெட்டியோடு இறங்கி, பறவைக் கூச்சலில் "கேக்குதா, கேக்குதா" என்று கத்தினார்கள். மூன்றாவது மாடி முழுக்கக் கீழேயே குடியிருந்தது. அங்கே டீ கொண்டுபோகிறவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, விடுமுறை என்று நினைத்துத் திரும்பிப் போனார். ஊழியர்களும் இப்போது எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். இரண்டாம் மாத அறிக்கையில் தங்கும் நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம். வடிவமைப்பாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனிதர்கள் மரங்களைத் தேடி மாடியிலிருந்து இறங்குகிறார்கள் என்று எழுதினார். ஒரு பரிசுக்கும் விண்ணப்பித்தார்.

ஏழாவது பத்தி மட்டும் அப்படியே இருந்தது. சூழல் தோழி பதவி மாதக் கடைசியில் நீக்கப்படும். எழுதியதை யாரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. மேசையக்கா நாள்காட்டியைப் பார்த்தாள். ஒன்பது நாள் இருந்தது. அன்றிலிருந்து எட்டாவது மாடிக்கும் போன் போட ஆரம்பித்தாள்.

தலைவரைத் தேடி வருகிறவர்களுக்குக் குறைவில்லை. லிப்ட் பராமரிப்புக்காரர், பூச்சிமருந்துக்காரர், ஓடைத் தண்ணீர் அடித்தள வண்டி நிறுத்தத்தில் கசிந்து தன் வண்டி மேல் சொட்டுகிறது என்று சண்டைக்கு வந்தவர். முதல் நாள் தலைவர் பெருமையோடு இறங்கினார், தன் காட்டைத் தானே பார்த்ததாகவும் ஆயிற்று. இரண்டாம் நாள் நான்கு தடவை இறங்கினார். பாசி காயாமல் இருக்க இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சுவரிலிருந்து தண்ணீர்ப் புகை அடிக்கும். அது அவருக்குத் தெரியாது. முதுகும் கால்சட்டையும் ஈரமாக மேலே போய் ஒரு முக்கியமான கூட்டத்தில் உட்கார வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் கட்டையிலிருந்து அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. வண்டிக்காரர் சண்டையை நிறுத்திவிட்டுக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அன்று மத்தியானம் மேலாளர் லிப்டிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அக்கா, இனிமே வர்றவங்களை மேலயே அனுப்பிடுங்க."

"எப்படி சார்? நான் அனுப்பினா நேரம் குறையுதே. நீங்கதானே காட்டினீங்க."

"அதெல்லாம் பரவாயில்லக்கா. தலைவரே சொல்லிட்டார்."

"சரி சார். இன்னும் ஆறு நாளைக்கு அனுப்பறேன். அதுக்கப்புறம் யார் அனுப்புவாங்க?"

மேலாளர் லாபியைச் சுற்றிப் பார்த்தார். நாற்பது பேர் இருப்பார்கள். கட்டைகள் போதாமல் ஓடைக்கரையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடி அதிகாரி நடுவில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுப் போட்டு விரலை உதறிக்கொண்டிருந்தார். முகத்தில் அழுகை மட்டும்தான் பாக்கி. லிப்ட் எது என்று இவர்களுக்குக் காட்ட மேலாளர் ஒருவரே நின்றால் அவர் வேலை என்ன ஆவது? அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதை மேசையக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பத்தியை எடுத்துடலாம் அக்கா."

"எழுதிக் குடுங்க சார்."

"என் வாய் வார்த்தை போதாதா?"

"உங்க வாய் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு சார். ஆனா அறிக்கைக்கு வாய் இல்லையே, எழுத்துதானே இருக்கு. அதுக்கு எழுத்துலயே பதில் சொல்லிடுங்க."

மேலாளர் மேலே போய் எழுதிக்கொண்டு வருகிறேன் என்றார். இங்கேயே எழுதுங்கள் சார், மரநிழல்தானே, என்று பக்கத்துக் கட்டையைக் காட்டினாள். அவர் மோவாய் முட்டியில் இடிக்க உட்கார்ந்து எழுதினார். நான்கு வருடம், ஓய்வு பெறும் நாள் வரை, என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினார். உட்கார்ந்து செய்யும் பணி என்ற இடத்தில் பேனா நின்றது. சுவரிலிருந்து தண்ணீர்ப் புகை அடித்தது. அவர் அவசரமாக அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைவரின் கையெழுத்துக்காக மட்டும் அந்தத் தாள் மேலே போய், பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தது. அந்தக் கட்டடத்தில் ஒரு தாள் அவ்வளவு வேகமாகப் போய்வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் அதை இரண்டு முறை படித்து நான்காக மடித்துக்கொண்டாள். கட்டையில் கையை ஊன்றி எழுந்தாள். கூட்டத்தைப் பார்த்து, மூன்றாவது மாடிக்காரர்கள் எல்லாம் என் பின்னால் வாருங்கள் என்றாள். முதல் ஆளாக எழுந்து ஓடிவந்தவர் மூன்றாவது மாடி அதிகாரி.

மேலே அனுப்புவதால் மனிதர்களுக்கு நல்லதா என்று அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கண்ணாடிக் கதவு மறுபடியும் சாத்தப்படும் என்று தெரியும். அதனால் வரைபடத்தோடு வருகிற ஒவ்வொருவரிடமும், "நாளைக்கு வாங்கன்னு சொன்னா நேரா கீழ வந்துடுங்க, நான் அவரையே கூப்பிடறேன்" என்று சொல்லியனுப்பினாள். இரண்டு பேர்தான் அப்படி வந்தார்கள். இரண்டு தடவை இறங்கியதும் அதிகாரிக்குப் பழக்கம் விட்டுப்போனது.

மூன்றாம் மாத அறிக்கையும் வந்தது. கடைசி வாரத்தில் தங்கும் நேரம் நான்கு நிமிடமாக விழுந்திருந்தது. வடிவமைப்பாளர் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார் என்று கேள்வி. பிறகு எழுதினார்: முன்பு விருந்தினர்கள் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் பெற்ற மன அமைதியை இப்போது நான்கே நிமிடத்தில் பெற்றுவிடுகிறார்கள், இது எதிர்பார்த்ததை விடப் பெரிய வெற்றி. பரிசும் கிடைத்தது. எட்டாவது மாடியில் அதற்கொரு கூட்டம் போட்டுக் கைதட்டினார்கள். மேசையக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவளால் போக முடியவில்லை. வாசலில் ஒருவர் காதை முன்னால் நீட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் மரங்களையெல்லாம் மிரள மிரளப் பார்த்தபடி நின்றிருந்தார்.